பட்டம் பார்த்து விதைப்போம்

(பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்குத் தொழில் தேர்ந்தெடுப்பது குறித்து, சுரண்டையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. விதை எவ்வளவு நல்லதாயினும், நிலம் எவ்வளவு வளமானதாயினும், பட்டம் தவறினால் விளைச்சல் குன்றும். இதனை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும், பயிருக்குப் பட்டம் பார்க்கும் நாம், பிள்ளைகளின் வாழ்வுக்குப் பட்டம் பார்க்கிறோமா என்று இன்று ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் கோடையில் வெளியாகின்றன. அதன்பின் சில வாரங்களுக்குள் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் சேர்க்கை முடிந்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் நாற்பது ஆண்டு உழைப்பு எத்துறையில் அமையும் என்பது, பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில் முடிவாகிறது. அந்த முடிவைப் பல வீடுகளில் யார் எடுக்கிறார்கள்? பக்கத்து வீட்டார் எடுக்கிறார்கள், பேருந்தில் ஒட்டிய விளம்பரம் எடுக்கிறது, தரகர் எடுக்கிறார். வீட்டாரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து எடுத்த முடிவு மிகச் சிலவே.

ஒரு விவசாயியின் சொல்

இப்பகுதியில் நாம் சந்தித்த ஒரு விவசாயியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயரும் ஊரும் வேண்டா. காய்கறிப் பயிர் செய்பவர், கடும் உழைப்பாளி. மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும், தொலைவிலுள்ள ஒரு நகரத்தில் மருத்துவம் சார்ந்த படிப்பு ஒன்றில் அவனைச் சேர்த்தார். அதற்காக ஐம்பது சென்ட் நிலத்தை விற்றார். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மகன் சான்றிதழுடன் ஊர் திரும்பினான். மருத்துவமனைகளில் வேலை கேட்டபோது, அந்தச் சான்றிதழை வழங்கிய இடத்திற்கு அரசின் அங்கீகாரமே இல்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிலமும் போயிற்று, இரண்டு ஆண்டுகளும் போயின.

அவர் நம்மிடம் சொன்னது இதுதான்: "கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்க மூன்று பேரைக் கேட்டேன், ஐயா. பிள்ளையின் படிப்புக்கு ஒருவரையும் கேட்கவில்லை."

அன்பர்களே! இன்று நாம் பேச வந்ததன் காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாமையே நம் கிராமங்களில் பெருங்குறை. அந்தக் குறையை ஊராட்சிகள் நீக்க முடியும். எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதலில் நம் முன்னுள்ள பாதைகளைப் பார்ப்போம்.

அன்றும் இன்றும்

முன்னாளில் பதினோராம் வகுப்பு முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நடந்தது. அதில் தேறியவர் எழுத்தராகலாம். பயிற்சி பெற்று ஆசிரியராகலாம். கல்லூரி செல்ல விரும்பினால் புகுமுக வகுப்பில் சேரலாம். 1978 ஆம் ஆண்டில்தான் மேனிலைக் கல்வி முறை வந்து, பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் பள்ளியோடு சேர்ந்தன.

அதற்கும் முன்னர், 1953 ஆம் ஆண்டில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபடும் ஒரு திட்டம் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்டது. அதற்கு மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. தந்தையின் தொழில்தான் மகனுக்கும் என்று எவரும் விதித்தல் கூடாது என்பது அன்றே இந்நாட்டில் தீர்ந்துபோன வழக்கு. தந்தையின் தொழிலை மகன் விரும்பி ஏற்றால் அது பெருமை. வேறு வழி தெரியாமையால் ஏற்றால் அது கட்டாயம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, பிற வழிகளை அறிந்திருத்தல் ஒன்றே.

சுரண்டையும் சுற்றியுள்ள ஊர்களும் இன்று பல தொழில்களுக்கு நிலைக்களம். சாம்பவர் வடகரையிலும் சுந்தரபாண்டியபுரத்திலும் வயல்கள் சூரியகாந்திப் பூக்களால் பொன் போர்த்து நிற்பதைக் காண வெளியூரார் வருகிறார்கள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறிகள் செங்கோட்டை வழியாகக் கேரளத்திற்குச் செல்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்றை நம்பி ஊத்துமலை, ஆலங்குளம், சுரண்டைப் பகுதிகளில் காற்றாலைகள் எழுந்து நிற்கின்றன. வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இளைஞர் பலர் சென்னைக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். 2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2021 ஆம் ஆண்டில் சுரண்டை நகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர்கிறது. ஊரோடு சேர்ந்து நம் பிள்ளைகளின் வாய்ப்பும் வளர வேண்டாமா?

பத்தாம் வகுப்பு முடிந்தபின்

பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்கு முன்னால் மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, பதினொன்றாம் வகுப்பு. இரண்டாவது, பல்தொழில்நுட்பப் பயிலகம் எனப்படும் பாலிடெக்னிக். மூன்றாவது, தொழிற்பயிற்சி நிலையம் எனப்படும் ஐ.டி.ஐ.

பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வழி முடிவாகிவிடுகிறது என்பதைப் பெற்றோர் மறத்தல் கூடாது. கணிதமும் இயற்பியலும் படியாதவன் பின்னர்ப் பொறியியலுக்கு ஆசைப்பட்டால் வழி அடைபட்டிருக்கும். உயிரியல் எடுக்காதவன் மருத்துவத்தையோ செவிலியத்தையோ நினைத்தாலும் அவ்வாறே. அதே வேளையில், கணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளையை அண்டை வீட்டான் எடுத்தான் என்பதற்காக அறிவியல் பிரிவில் தள்ளுவதும் தவறு. வணிகவியல் படித்தவன் கணக்காயர் ஆகலாம். வங்கியிலும் கூட்டுறவுத் துறையிலும் சேரலாம். சொந்தமாக வியாபாரமும் நடத்தலாம். கேரளத்துடன் நாள்தோறும் வாணிபம் நடக்கும் இப்பகுதியில் கணக்கு அறிந்தவனுக்கு வேலை இல்லை என்பது இல்லை.

பாலிடெக்னிக் படிப்பு மூன்று ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பை உரிய பாடங்களுடன் முடித்தவரும், ஐ.டி.ஐ. முடித்தவரும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் மறுகால் மற்றொன்றில் பாயும் சங்கிலிக் குளங்கள் போன்றவை. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவன் அங்கேயே தேங்கிவிட வேண்டும் என்பது இல்லை. அவன் படிப்படியாகப் பொறியாளராகவும் உயரலாம்.

ஐ.டி.ஐ. என்றால் படிப்பு வராதவர் போகும் இடம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. இந்த எண்ணம் மாற வேண்டும். கைத்திறன் பயிற்சித் திட்டத்தை இந்திய அரசு 1950 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. பொருத்துநர், மின்பணியாளர் ஆகிய பயிற்சிகள் இரண்டு ஆண்டுகள். பற்றவைப்பவர் பயிற்சி ஓராண்டு. அரசு நிலையங்களில் பயில்வோருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், மிதிவண்டி, சீருடை, பாடநூல் முதலியனவும் தமிழ்நாடு அரசு வழங்கி வந்துள்ளது. அரசு நிலையங்கள் பல புதிய எந்திரங்களுடன் நான்காம் தொழிற்புரட்சித் தரத்திற்கு உயர்த்தப்பட்டன. நம் வயலோரத்தில் சுழலும் காற்றாலையைப் பழுதுபார்க்க வருபவர் யார்? மின்பணியும் எந்திரப் பணியும் கற்றவர். நம் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் நாம் யாரைத் தேடி ஓடுகிறோம்? அத்தகையவரைத்தான். தண்ணீரில்லாமல் பயிர் வாடும் நாளில் அவருடைய அருமை நமக்குத் தெரிகிறது. மகனை அப்படிப்பில் சேர்க்கும் நாளில் மட்டும் அது மறந்துபோகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின்

மேனிலைக் கல்வி முடித்த பிள்ளைக்கு அண்மையிலேயே வாய்ப்புகள் உள்ளன. சுரண்டையிலேயே காமராசர் பெயரால் அரசு கலைக் கல்லூரி நடைபெறுகிறது. குற்றாலத்தில் 1964 ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இயங்குகிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகிய அரசுக் கல்லூரிகளும் உள்ளன. வேளாண்மை படிக்க விரும்புவோருக்குக் கிள்ளிகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு முறையேனும் பிள்ளையை அழைத்துச் சென்று காட்டிய பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020 ஆம் ஆண்டில் வந்தது. 2021 ஆம் ஆண்டில் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாறு இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை உண்டு. இவ்வுரிமைகளைப் பெறத் தேவையானவை சில சான்றிதழ்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வந்தபின் தேடி அலைந்து, கடைசி நாளைத் தவறவிட்டவர் பலர். பயிர்க் கடனுக்கு அடங்கலை முன்கூட்டியே வாங்கி வைப்பதுபோல் இவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்தல் வேண்டும்.

இங்கே முன்பு கூறிய விவசாயியை மீண்டும் நினைவூட்டுகிறோம். ஒரு நிறுவனத்தில் பணம் கட்டுமுன், அதற்கு அங்கீகாரம் தந்தது யார் என்று கேளுங்கள். பொறியியலுக்கும் பாலிடெக்னிக்குக்கும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வேண்டும். செவிலியப் படிப்புக்கு இந்திய செவிலியர் குழுமத்தின் விதிகளுக்கு உட்பட்ட அங்கீகாரம் வேண்டும். முடித்தபின் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். பட்டம் தரும் கல்லூரியாயின் அது எந்தப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது என்று அறிதல் வேண்டும். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். விதை வாங்கும்போது பையிலுள்ள சான்று அட்டையைப் பார்க்கும் நமக்கு இது கடினமான காரியம் அன்று.

கடன் வாங்குவதாயினும் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை; பெற்றோர் உடன் கையொப்பமிட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை செலுத்த அவகாசம் உண்டு. ஆயினும் வட்டி அதற்குள்ளும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே, படித்து முடித்தால் மாதம் எவ்வளவு சம்பளம் கிடைக்கும், அதில் எவ்வளவு தவணைக்குப் போகும் என்று முன்னதாகவே கணக்கிட்டுப் பாருங்கள். அப்படிப்பை முன்னரே முடித்தவர் இருவரைக் கண்டு விசாரியுங்கள். விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

உழைத்துக்கொண்டே கற்றல்

எல்லோரும் கல்லூரி வாயில் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பது இல்லை. 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, தொழிற்சாலைகளில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே பயிற்சி பெறலாம்.

நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் சோஹோ என்னும் கணினி மென்பொருள் நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் தன் அலுவலகத்தை நிறுவிற்று. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019 ஆம் ஆண்டில் தென்காசிப் பகுதிக்கே குடிபெயர்ந்தார். இந்நிறுவனம் 2005 ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்த இளைஞர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கற்பித்து, வேலையிலும் சேர்த்துக்கொள்ளும் முறையில் அமைந்தது. அப்பள்ளி தென்காசியிலும் நடைபெறுகிறது. மென்பொருள் எழுதப் பெருநகரத்திற்குத்தான் போக வேண்டும் என்ற கருத்து பொய்யாவதை, வயல்களுக்கு நடுவே நாம் கண்ணாரக் காண்கிறோம்.

ஆயினும் இதிலும் இரு பக்கங்களைப் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் எல்லோரையும் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே பெறுவது பல்கலைக்கழகப் பட்டம் அன்று. பின்னாளில் பட்டம் கேட்கும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க விரும்பினால், தொலைநிலைக் கல்வி வழியாகவேனும் ஒரு பட்டம் பெற வேண்டியிருக்கும். இதனை அறிந்தபின் ஒரு பிள்ளை அவ்வழியைத் தேர்ந்தெடுத்தால், அது தெளிந்த முடிவு.

அரசு உத்தியோகம்

அரசு உத்தியோகம் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் பெற்றோர் பலர். அந்த விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. பத்தாம் வகுப்புத் தகுதியைக் கொண்டே நான்காம் தொகுதித் தேர்வை எழுதலாம். கிராம நிருவாக அலுவலர் பணியும் அதில் அடங்கும். ஆனால் எண்ணிக்கையையும் அறிந்துகொள்ளுங்கள். 2024 ஆம் ஆண்டில் அத்தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவரோ 20 லட்சத்திற்கும் மேல். இடங்கள் பின்னர்க் கூட்டப்பட்டன என்றாலும், ஒவ்வோர் இடத்திற்கும் நூற்றுக்கணக்கானோர் போட்டியிட்டனர். ஆகவே கைத்தொழில் ஒன்றோ வேறு வேலை ஒன்றோ கையில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படிப்பது அறிவுடைமை. ஒரே பயிரை நம்பி, முழு நிலத்தையும் அதற்கே விட்டு, மழையை எதிர்பார்த்து ஐந்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருப்பது விவேகம் ஆகாது.

பெண் பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிகளும்

தாய்மார்களே! உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனையோ தாய்மார்கள் தம் மக்களைப் படிக்கவைத்திருக்கிறார்கள். அந்தக் கைகளை நாம் வணங்குகிறோம். ஆயினும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளின் மடிக்கு அதே தட்டு மாறினால், தாய் பட்ட பாட்டின் பயன் எங்கே? கல்லூரி தொலைவு என்றும், பேருந்து இல்லை என்றும், வரன் வந்திருக்கிறது என்றும் சொல்லிப் பெண்ணின் படிப்பை நிறுத்துவது இன்றும் நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்டது. பட்டப் படிப்புக்கு மட்டுமன்றிப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பயில்வோருக்கும் உரியவை இவை. இவற்றைப் பெறும் முறையைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கேட்டறியுங்கள்.

மாற்றுத்திறனுடைய பிள்ளை பிறந்த வீட்டில், அவனுக்குத் தொழில் ஏது என்று மனம் சோர்கிறார்கள். சுரண்டைக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியைப் பாருங்கள். பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975 ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டபோது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் விரும்பிய பாதை அன்றே அடைபட்டது. அவரே 1981 ஆம் ஆண்டில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் நிலையமாக அது வளர்ந்தது. 2020 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் சட்டப்படி அரசுக் கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களும், அரசுப் பணியில் 4 விழுக்காட்டு இடங்களும் உரியவை. உரிமை இருக்கிறது, வழியும் இருக்கிறது, கைப்பிடித்து அழைத்துச் செல்பவரே வேண்டும்.

பிள்ளையின் மனம்

இவ்வளவு கூறியபின்னும் முதன்மையான ஒன்று எஞ்சி நிற்கிறது. அது பிள்ளையின் விருப்பம்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் வரலாற்றை எல்லோரும் அறிவர். அவர் வழி தவறித் திரும்பிய இடங்களைப் பலர் அறியார். திருச்சியில் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பட்டப் படிப்பின் இறுதியில்தான், தமக்கு உரியது பொறியியல் என்பதை உணர்ந்தார். குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிலையத்தில் இடம் கிடைத்தது. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவருடைய தமக்கை சோஹ்ரா தம் பொன் நகைகளை அடகு வைத்து அப்பணத்தைக் கொடுத்தார். படித்து முடித்தபின் விமானப் படையில் விமானியாக விரும்பினார். தேர்வுக்கு வந்த இருபத்தைந்து பேரில் அவர் ஒன்பதாவது இடம் பெற்றார். எடுத்துக்கொண்டதோ எட்டுப் பேரை. அந்தத் தோல்விக்குப் பின் சேர்ந்த பணியே அவரை ஏவுகணைத் துறைக்கு இட்டுச் சென்றது.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. பதினேழு வயதில் எடுத்த முடிவு தவறானால் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. திருத்திக்கொள்ள வழி உண்டு. மற்றொன்று, நகையை அடகு வைப்பது தவறன்று. எதற்காக வைக்கிறோம் என்பதை அறியாமல் வைப்பதே தவறு. அந்தத் தமக்கை, தம்பி எதை விரும்பினான் என்பதையும், அவன் சேர்ந்த இடம் எத்தகையது என்பதையும் அறிந்து கொடுத்தார்.

தேர்வில் தோற்ற பிள்ளைக்கும் ஒரு சொல். தோற்றவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறி அந்த ஆண்டிலேயே மேற்படிப்பில் சேரலாம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு வீட்டில் வசைச் சொல் எழுந்தால், அப்பிள்ளையின் மனத்தில் என்ன நிகழும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டம் வரும். பிள்ளை போனால் வருமா? அந்த நாளில் தந்தையின் கை பிள்ளையின் தோள்மேல் இருக்கட்டும்.

நிலத்திலேயே நிற்க விரும்பும் பிள்ளையைத் தாழ்வாக எண்ணாதீர்கள். வேளாண்மையும் கற்றுச் செய்ய வேண்டிய தொழிலே. சொட்டு நீர்ப் பாசனம், மண் பரிசோதனை, விளைபொருளைப் பதப்படுத்துதல், சந்தை விலை அறிதல் ஆகியவற்றைக் கற்ற இளைஞன், தக்காளி விலை சரியும் நாளில் அதைத் தெருவில் கொட்டாமல் வேறு வழி காண்பான். படிப்பு வரவில்லை, ஆகையால் விவசாயம் என்ற சொல் நம் வாயிலிருந்து இனி வரலாகாது. நம் தொழிலை நாமே இழித்துப் பேசினால், அதனை எவர் மதிப்பார்?

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

இறுதியாக, ஊராட்சி உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

ஒவ்வோர் ஊராட்சியிலும் இவ்வாண்டு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். சிற்றூர்களில் அது ஒரு தாளில் அடங்கிவிடும். சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் யார் யார் என்று தை, மாசி மாதங்களிலேயே பார்த்து, அவர்களுக்கு வழி காட்டுங்கள். நம் ஊரில் பிறந்து செவிலியராகவோ, மின்பணியாளராகவோ, ஆசிரியராகவோ, வங்கி ஊழியராகவோ பணியாற்றுபவரைக் கோயில் கொடைக்கு ஊர் வரும்போது ஒரு மாலைப் பொழுது அழைத்து, பிள்ளைகளோடு பேசச் செய்யுங்கள். பள்ளி மாணவர்க்கு வழிகாட்டும் நோக்குடன் 2022 ஆம் ஆண்டில் நான் முதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் பள்ளிகளில் நடக்கும் கூட்டங்களுக்குப் பெற்றோரையும் அனுப்புங்கள். கல்லூரி நேரத்திற்குப் பேருந்து இல்லையெனில், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிப் போக்குவரத்துக் கழகத்திற்கு அனுப்புங்கள். ஒரு பேருந்து பத்துப் பெண்களின் படிப்பைக் காக்கும். ஊரில் தரகர் நுழைந்து பணம் கேட்டால், ஊராட்சி அலுவலகத்திற்கு வந்து நிறுவனத்தின் அங்கீகாரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு அதே பதிவேட்டைத் திறந்து, எந்தப் பிள்ளை எங்கே சேர்ந்தது, எது வீட்டிலேயே நின்றுவிட்டது என்று பாருங்கள். நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை நடந்து செல்லுங்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒரு தலைமுறை மிஞ்சும்.

அன்பர்களே! முன்னர்ச் சொன்ன விவசாயியின் மகன் சோர்ந்துவிடவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவன் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணிப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். இம்முறை சேருமுன் தந்தையும் மகனும் மூன்று பேரைக் கேட்டார்கள். போன நிலம் திரும்பவில்லை. ஆனால் தம் ஊரில் எவரேனும் பிள்ளையைப் படிக்க அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டால், அந்த விவசாயி தாமே அவர்கள் வீட்டுக்குச் சென்று, தாம் ஏமாந்த கதையை மறைக்காமல் சொல்லிவிட்டு வருகிறார். ஒவ்வோர் ஊரிலும் அத்தகையவர் ஒருவர் இருந்தால் போதும். அவருக்கு உட்கார ஓர் இடத்தை ஊராட்சி கொடுக்கட்டும்.

பட்டம் பார்த்து விதைப்போம். விதையின் தன்மையும் அறிந்து விதைப்போம்.